எழுத்தும் கட்டமும்: நிலையகல எழுத்துருவில் தமிழின் இடம்



எழுத்துரு என்றவுடன் திருமண அழைப்பிதழும் சுவரொட்டியும் நூலின் மேலட்டையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. இன்றைய பொழிவு அத்தகைய அலங்கார எழுத்துகளைப் பற்றியதன்று. கணினி நிரல் எழுதுவோர் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் எளிய எழுத்துரு வகையைப் பற்றியது. அவ்வகையில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவான அகலத்தைக் கொள்ளும். ஒல்லியான எழுத்துக்கும் பருத்த எழுத்துக்கும் இடத்தில் வேறுபாடு கிடையாது. கணிதப் பாடத்திற்குக் கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகத்தை மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? அதில் ஒரு கட்டத்திற்கு ஓர் இலக்கம் என்று எழுதுவதைப் போன்றதே இது. இதனை நிலையகல எழுத்துரு என்று குறிப்பிடுவேன்.

நிரல் எழுதுவோர் இதனை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. நிரலின் வரிகள் ஒன்றினுள் ஒன்றாக உள்தள்ளி எழுதப்படுகின்றன. பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் அந்த உள்தள்ளலே இலக்கணத்தின் ஒரு பகுதி. பிழை நேர்ந்தால் கணினி இத்தனையாம் வரி, இத்தனையாம் இடம் என்று எண்ணிக் காட்டுகிறது. மேல்வரியின் ஐந்தாம் எழுத்தும் கீழ்வரியின் ஐந்தாம் எழுத்தும் ஒரே நேர்க்கோட்டில் நின்றால்தான் கண் விரைவாகப் பிழையைக் காணும். அட்டவணைக்கும் இது பொருந்தும். பெயர், மதிப்பெண், தரம் ஆகியவை தூண்களாக நிற்க வேண்டுமானால் எழுத்தின் அகலம் எண்ணத்தக்கதாக இருக்க வேண்டும்.

இங்கேதான் தமிழ் மாணவனுக்கு இடர் தொடங்குகிறது. நம் நாட்டுப் பள்ளிகளில் நிரலாக்கம் இன்று பாடத்திட்டத்துள் வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழர்களின் பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சிட்டு, மதிப்பெண் பட்டியலை வெளியிடும் ஒரு சிறு நிரலை எழுதுகிறான் என்று கொள்வோம். நிரல் இயங்குகிறது, ஆனால் பட்டியலின் தூண்கள் கோணலாகச் சாய்கின்றன. சில திரைகளில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன. அப்போது அவனுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: பெயரை ரோமன் எழுத்தில் எழுது. அவ்வாறு எழுதியதும் எல்லாம் சீராகிவிடுகிறது. அச்சிறுவன் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? குறை தமிழெழுத்தில் உள்ளது என்ற முடிவுக்கு. அம்முடிவு பிழையானது என்பதைக் காட்டுவதே இப்பொழிவின் நோக்கம். குறை, எண்ணும் முறையில் உள்ளது.

முதலில் இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஈய அச்செழுத்துக் காலத்தில் கட்டம் என்ற ஒன்று இருக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனக்கேற்ற அகலமுடைய உலோகத் துண்டின்மேல் வார்க்கப்பட்டது. ரகரத்திற்கு ஒல்லியான துண்டு, ணகரத்திற்கு அகன்ற துண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள்முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் அச்சில் அகலம் ஒரு சிக்கலாக எழவே இல்லை. சிக்கலைக் கொணர்ந்தது தட்டச்சுப் பொறி. 1870களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அப்பொறியில், எந்த விசையை அழுத்தினாலும் தாளைத் தாங்கும் உருளை ஒரே அளவே நகரும். எனவே எழுத்துகளும் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து அல்லது பன்னிரண்டு எழுத்து என்பது வழக்கமாயிற்று.

பின்னர் வந்த கணினியும் அதே அச்சில் வளர்ந்தது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொணர்ந்த துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. 1978இல் வெளியான விடி100 என்னும் புகழ்பெற்ற முனையத் திரையிலும் ஒரு வரிக்கு 80 கட்டங்கள். இன்றும் பல நிரலாளர்கள் ஒரு வரியை 80 எழுத்துக்குள் முடிக்க முயல்கிறார்கள். காரணம் கேட்டால் பலருக்குத் தெரியாது. பாட்டன் காலத்துப் பழக்கம் என்பார்கள். உண்மையில் அது அட்டைத்துளையின் கணக்கு.

ரோமன் எழுத்தும் கட்டத்திற்குள் இயல்பாக அடங்கியதன்று. அதனை நாம் மறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் 'ஐ' எழுத்து ஒரு குச்சி. 'எம்' எழுத்து மூன்று கால்களுடையது. இரண்டையும் ஒரே அகலத்தில் அமைக்க, குச்சியின் அடியிலும் முடியிலும் பட்டையான குறுக்குக் கோடுகள் சேர்க்கப்பட்டன. மூன்று கால்களும் நெருக்கப்பட்டன. 1955இல் ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த 'கூரியர்' எழுத்துருவில் இவ்வேலையைத் தெளிவாகக் காணலாம். பிற்காலத்தில் திரைக்கென முனைக்கோடுகள் அற்ற நிலையகல எழுத்துருக்கள் தோன்றின. 1984இல் சூசன் கேர் மெக்கின்டாஷ் கணினிக்கு வரைந்த 'மொனாக்கோ', மைக்ரோசாஃப்ட்டுக்காக லூக்காஸ் டி கிரூட் வரைந்த 'கன்சோலாஸ்', 2012இல் அடோபி நிறுவனம் இலவசமாக வெளியிட்ட 'சோர்ஸ் கோட் புரோ' ஆகியவை அவ்வரிசையைச் சேர்ந்தவை. இவற்றில் மற்ற எழுத்துகளின் முனைக்கோடுகளை நீக்கிய வடிவமைப்பாளர்கள், 'ஐ', 'எல்' போன்ற ஒல்லி எழுத்துகளுக்கு மட்டும் அடிக்கோட்டையோ வாலையோ விட்டுவைத்தார்கள். அது அழகுக்காக அன்று. ஒன்று என்னும் இலக்கமும் 'எல்' எழுத்தும் பெரிய 'ஐ' எழுத்தும் ஒன்றுபோல் தோன்றிவிடக்கூடாது. சுழியமும் 'ஓ' எழுத்தும் மயங்கிவிடக்கூடாது. ஆக, ரோமன் எழுத்துக்காகத் தேர்ந்த கைவினைஞர் பலர் பல தலைமுறைகளாக உழைத்திருக்கிறார்கள். அவ்வுழைப்பின் பயனையே நாம் இன்று அவ்வெழுத்தின் இயல்பு என்று எண்ணுகிறோம்.

முனைக்கோடு அற்ற வடிவம் தமிழுக்கு அயலானதன்று என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். பனையோலையில் எழுத்தாணி கீறும் கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஏறத்தாழ ஒரே தடிப்பில் செல்லும். தடித்தும் மெலிந்தும் செல்லும் கோடு, இறகுப் பேனாவின் மரபிலிருந்து ஐரோப்பிய அச்சு வழியாக நமக்கு வந்தது. திரையில் ஒரே தடிப்புடைய எளிய தமிழெழுத்தைக் கண்டு இது தமிழ்போல் இல்லையே என்று வருந்துவோர், ஒருமுறை ஓலைச்சுவடியைப் பார்ப்பது நலம்.

தமிழைக் கட்டத்தில் அடைக்க முதலில் முனைந்தவர்களுள் நமக்கு நெருங்கிய ஒருவர் இருக்கிறார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் இரா. முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்கு வந்து, இங்கே பல்லாண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவர். ஆங்கிலத் தட்டச்சின் விரைவை அலுவலகத்தில் நாள்தோறும் கண்டவர், தமிழுக்கும் அது வேண்டும் என்று முனைந்தார். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் கொணர வேண்டியிருந்தது. அவர் கைக்கொண்ட உத்திகளுள் தலையாயது நகரா விசை. இகர விசிறியையோ ஈகார விசிறியையோ புள்ளியையோ அழுத்தினால் உருளை நகராது. அடுத்து அழுத்தும் மெய்யெழுத்து வடிவம் அதே இடத்தில் வந்து பொருந்தும். ஆகவே 'க்', 'கி', 'கீ' ஆகிய மூன்றும் 'க' கொள்ளும் அதே ஒரு கட்டத்தில் அமைந்தன. 'கா', 'கெ' ஆகியவை இரண்டு கட்டங்களைக் கொண்டன. 'கொ' மூன்றைக் கொண்டது. உகர ஊகார வரிசையில் வடிவம் பலவாறு மாறுவதால் பலவற்றிற்குத் தனி விசைகள் அமைந்தன.

இந்த அமைப்பை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஓர் எழுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ கட்டம் கொள்ளலாம், ஆனால் பாதிக் கட்டம் கொள்ளலாகாது என்பதே அதன் உள்விதி. நிலையகலம் என்பதைத் தமிழுக்கு ஏற்றவாறு பொருள்கொண்ட முதல் முயற்சி என்று இதனை மதிக்கிறேன். அவ்வெழுத்தில் அழகுக் குறைவு உண்டு. ஒரே கட்டத்தில் அடைபட்ட ணகரமும் ஞகரமும் மூச்சுத் திணறின. துணைக்காலின் இருபுறமும் வெற்றிடம் தங்கிற்று. எனினும் தூண்கள் நேராக நின்றன. எழுத்தர்கள் அதில் கணக்குப் பட்டியல் அடித்தார்கள்.

பொறிக்காக எழுத்தையே மாற்றலாம் என்ற எண்ணமும் அக்காலத்திலேயே வலுப்பெற்றது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். தமிழக அரசு 1978இல் அவற்றுள் பெரும்பகுதியை ஏற்றது. 'ணை', 'லை', 'ளை', 'னை', 'ணா', 'றா', 'னா' போன்றவை நாம் இன்று எழுதும் சீர்வடிவத்தைப் பெற்றன. மலேசியப் பாடநூல்களும் பின்னர் அவ்வழியை மேற்கொண்டன. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அதனால் சுமை குறைந்தது என்பதில் ஐயமில்லை. அதன்பின் உகர ஊகார வரிசைகளையும் ஒரே குறியால் எழுதலாம் என்று வா. செ. குழந்தைசாமி முதலியோர் வலியுறுத்தினர்; 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி அவ்விவாதம் சூடாக நடந்தது. அவர்கள் முன்வைத்த கற்றல் எளிமை என்னும் வாதம் தனியே ஆராயத்தக்கது. ஆனால் கணினிக்காக எழுத்தை மாற்றுவோம் என்று கூறுவோருக்கு என் விடை இதுதான்: தட்டச்சுப் பொறியின் இரும்புக்கு வளையும் தன்மை இல்லை, மென்பொருளுக்கு உண்டு. இரும்பிடம் விட்டுக்கொடுத்ததை மென்பொருளிடமும் விட்டுக்கொடுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இனி மென்பொருள் தமிழை எவ்வாறு எண்ணுகிறது என்பதற்கு வருவோம். நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'புந்தோங்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? தொடக்கப்பள்ளி மாணவன் பு, ந், தோ, ங் என்று விரல்விட்டு நான்கு என்பான். பைத்தானிடம் நீளம் கேட்டால் எட்டு என்று விடை வரும். ஏனெனில் ஒருங்குறியில் பகரம் ஒரு குறியெண், உகரக் குறி ஒரு குறியெண். நகரம் ஒன்று, புள்ளி ஒன்று. தகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. ஙகரம் ஒன்று, புள்ளி ஒன்று. கோப்பில் அது கொள்ளும் இடத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் 24 என்று வரும். முனையத் திரையில் எத்தனை கட்டம் என்று கேட்டால் வேறொரு விடை வரும்.

அந்த விடையைத் தருவதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் எழுதிய ஒரு சிறு நிரற்கூறு பரவலாகப் பின்பற்றப்பட்டது. அது ஒருங்குறியின் பண்பு அட்டவணையைப் பார்க்கிறது. இடம் கொள்ளாத குறி என்று வகைப்படுத்தப்பட்டதற்குச் சுழியம். மற்றவற்றிற்கு ஒரு கட்டம். சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம். தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் கொள்ளாதவை என்று அட்டவணை கூறுகிறது. இகரக் குறியோ இடம் கொள்ளும் குறி என்று பதிவாகியுள்ளது. விளைவைப் பாருங்கள். 'கீ' ஒரு கட்டம். 'கி' இரண்டு கட்டம்! குறிலுக்கு நெடிலைவிட இருமடங்கு இடம். முத்தையா இரண்டையும் ஒரே கட்டத்தில் அமைத்த பல்லாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இது. அந்த அட்டவணையை வகுத்தவர்களைக் குறைகூற வேண்டுவதில்லை. குறியின் உருவம் மெய்யின் மேலே நிற்கிறதா, பக்கத்தில் ஒட்டுகிறதா என்பதையே அவர்கள் வகைப்படுத்தினார்கள். கட்டத்தை எண்ணுவதற்கென்று அது வகுக்கப்படவில்லை. ஒரு தேவைக்குச் செய்த அளவுகோலை வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டதால் வந்த கோளாறு இது.

அம்முறைப்படி 'புந்தோங்' ஆறு கட்டம் கொள்ளும். இப்போது நம் மாணவனின் பட்டியலுக்குத் திரும்புவோம். பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கி, குறைவதை வெற்றிடத்தால் நிரப்பு என்று அவன் ஆணையிடுகிறான். பைத்தான் குறியெண்ணை எண்ணி நிரப்புகிறது. திரை கட்டத்தை எண்ணி வரைகிறது. 'கமலா' என்பதற்கு நான்கு குறியெண், நான்கு கட்டம். ஆறு வெற்றிடம் சேர்ந்து பத்துக் கட்டம் சரியாக நிரம்புகிறது. 'கீதா' என்பதற்கும் நான்கு குறியெண். ஆனால் கட்டம் மூன்றே. ஆகவே மதிப்பெண் ஒரு கட்டம் இடப்புறம் சாய்கிறது. 'மீனாட்சி' என்பதற்கு எட்டுக் குறியெண், ஆறு கட்டம். மதிப்பெண் இரண்டு கட்டம் சாய்கிறது. மாணவன் நிரலில் பிழை தேடுகிறான். அவன் எழுதிய நிரலில் பிழையே இல்லை.

இதுவும் திரை தன் விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் மட்டுமே. மென்பொருள்கள் அனைத்தும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. சிலவற்றில் துணைக்குறிகள் யாவும் சுழியம் என்று கொள்ளப்படுவதால் 'கா' ஒரே கட்டத்தில் நெருக்கப்பட்டு, துணைக்கால் அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிடுகிறது. இன்னும் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு மெய்யின் இடப்புறம் செல்லாமல் வலப்புறத்திலேயே நின்றுவிடுகிறது. ஒருங்குறியில் ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் பதிவாகின்றன. அவற்றை இடம் மாற்றி வரையும் வேலையை எழுத்துருவும் அதனைக் கையாளும் மென்பொருளும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு குறியெண்ணையும் தனித்தனிக் கட்டத்தில் பூட்டிவைத்தால் அந்த இடமாற்றத்திற்கு வழியில்லை.

நிரல் எழுதும் செயலிகளில் மற்றொரு குறை. அவற்றில் நாம் தேர்ந்தெடுக்கும் நிலையகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுள் தமிழே இல்லை. ஆகவே செயலி வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழைக் கடன் வாங்குகிறது. விண்டோஸ் கணினியில் பெரும்பாலும் 'நிர்மலா' என்னும் எழுத்துரு அவ்விடத்தை நிரப்புகிறது. அது படிப்பதற்கு நல்ல எழுத்துருதான். ஆனால் அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கேற்ற அகலம் உண்டு. அதன் அகலங்கள் பக்கத்தில் நிற்கும் ரோமன் எழுத்தின் கட்டத்தோடு எந்த விகிதத்திலும் பொருந்துவதில்லை.

ஈப்போவின் பழைய கடைத்தெருக்களில் நடந்தால் இதற்கு ஒரு மாற்றை மேலே நிமிர்ந்து பார்த்தே கற்கலாம். சீனப் பெயர்ப்பலகைகளில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சதுரத்துள் நிற்கிறது. கோடு இரண்டே உள்ள எழுத்துக்கும் இருபது கோடு உள்ள எழுத்துக்கும் அதே சதுரம். கணினியில் அச்சதுரத்திற்கு இரண்டு கட்டம் என்று ஒருமுறை முடிவுசெய்தார்கள். அம்முடிவை ஒருங்குறி நிறுவனமே ஒரு தனி இணைப்பாவணமாக வெளியிட்டுள்ளது. சீனக் கடைக்காரர் தம் எழுத்துகள் பொதிந்த பற்றுச்சீட்டுப் பொறியை வாங்கிவிடுகிறார். புந்தோங்கின் புகழ்பெற்ற கச்சாங் பூத்தே வணிகர் ஒருவர் தம் பற்றுச்சீட்டில் முறுக்கு, பக்கோடா, கடலை என்று தமிழில் அச்சிட விரும்பினால், எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பவேண்டும். தமிழுக்கு எத்தனை கட்டம் என்ற முடிவு எங்கும் எழுதப்படவில்லை. அந்த ஆவணத்தில் தமிழ், அகலம் குறிக்கப்படாத எழுத்துகளின் கூட்டத்தில் விடப்பட்டுள்ளது.

எண்ணும் முறை என்பது தேவைக்கேற்ப மாறும் என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்தை மாத்திரையால் அளக்கிறார்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உயிர்மெய்யில் மெய்யும் உயிரும் இரண்டும் உள்ளன என்பதை அவர் நன்கறிவார். ஆயினும் அதன் அளவு உயிரின் அளவே. மெய்யின் அரை மாத்திரை தனியே கூட்டப்படுவதில்லை. யாப்பிலக்கணத்தார் வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அங்கே ஒற்றை எண்ணுவதில்லை. அக்கணக்கில் 'புந்தோங்' இரண்டே எழுத்து. ஆக, ஒரே சொல்லை ஒலிக்கு ஒருவாறும் செய்யுளுக்கு வேறொருவாறும் எண்ணிப் பழகியவர்கள் நாம். திரைக்கென மற்றொரு கணக்கை வகுத்துக்கொள்வது நமக்கு அரிதாகாது. எந்தக் கணக்கிலும் நம் முன்னோர் மாற்றாத ஒன்று உண்டு: உயிர்மெய் என்பது பிரிக்கப்படாத ஓரலகு. கணினி அதனைச் சேமிக்கும்போது இரண்டாகப் பிரிக்கலாம். எண்ணும்போதும் வரையும்போதும் சேர்த்தே கொள்ளவேண்டும்.

அவ்வலகுக்கு எத்தனை கட்டம் தரலாம்? ரோமன் எழுத்தின் ஒரு கட்டத்திலேயே தமிழ் மெய்வடிவத்தையும் அடைக்கலாம் என்போர் உண்டு. நான் அதனை ஏற்கவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று சொல்லித்தானே கற்பிக்கிறீர்கள்? ஒரு சுழியால் பொருள் மாறுகிறது: மனம், மணம். ஒல்லியான கட்டத்தில், சிறிய அளவில், அந்த மூன்றாம் சுழி கரும்புள்ளியாக அடைந்துவிடும். எனவே சீனர் வழியில் அடிப்படை வடிவத்திற்கு இரண்டு கட்டம் தருவதே தக்கது. புள்ளி, இகரக் குறி, ஈகாரக் குறி ஆகியவற்றிற்கு முத்தையா வழியில் கூடுதல் இடம் வேண்டா. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றிற்குத் தலா ஒரு கட்டம். ஐகாரக் குறிக்கு இரண்டு. உகரம் மெய்யோடு ஒட்டியே நிற்பதால் 'கு', 'மு' போன்றவை இரண்டு கட்டத்துள் அடங்கும். 'நூ', 'தூ', 'ணூ' போன்று வால் நீண்டவற்றிற்கு மூன்று. இக்கணக்கில் 'புந்தோங்' பத்துக் கட்டம் கொள்ளும்: இரண்டு, இரண்டு, நான்கு, இரண்டு.

இதற்கு ஒரு விலை உண்டு. 80 கட்ட வரியில் தமிழ் நாற்பது எழுத்துக்கு மேல் செல்லாது. துளையட்டைக் காலத்தில் அது பெருங்குறையாக இருந்திருக்கும். இன்றைய அகன்ற திரையில் அத்துணைத் தடையாகாது. ரகரத்தையும் டகரத்தையும் இரண்டு கட்டத்திற்கு விரித்து வரையும்போது வெற்றிடம் தோன்றாமல் பார்த்துக்கொள்வது வடிவமைப்பாளரின் கைத்திறனைப் பொறுத்தது. கெட்லர் 'ஐ' எழுத்துக்குச் செய்ததை நம்மவர் ரகரத்துக்குச் செய்யவேண்டும். மேலே விசிறியும் கீழே 'ஞூ' போன்றவற்றின் வாலும் நீள்வதால், வரிக்கு வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டவேண்டியிருக்கும்.

அகலத்தைப் போலவே முதன்மையானது எழுத்துமயக்கம். ரகரமும் துணைக்காலும் ஓலையில் ஒரே வடிவாக இருந்த காலம் உண்டு. கொம்பில் குறில் நெடில் வேறுபாடும் இருக்கவில்லை. படிப்பவர் பொருளறிந்து பிரித்துக்கொண்டார். வீரமாமுனிவரின் திருத்தம் அச்சுமையைக் குறைத்தது. ஆனால் நிரலைப் படிக்கும் பொறிக்குப் பொருளறிவு கிடையாது. 'ஔவை' என்பதில் முதலெழுத்து ஔகாரமா, ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பவையா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'கௌ' என்பதையும் 'கெள' என்பதையும் அருகருகே வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு புலப்படாது. மாணவன் ஓரிடத்தில் 'கௌரி' என்றும் மற்றோரிடத்தில் 'கெளரி' என்றும் தட்டச்சிட்டால், கணினிக்கு அவர்கள் இருவேறு பெண்கள். பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டாள். சுழியத்தின் நடுவே ஒரு புள்ளியையோ கோட்டையோ இட்டு 'ஓ' எழுத்திலிருந்து பிரித்த நிரல் எழுத்துருக்களைப் போல, தமிழ் நிரல் எழுத்துருவும் ஔகாரத்தின் பின்பகுதியைச் சற்றுச் சிறியதாக வரைந்து ளகரத்திலிருந்து பிரித்துக் காட்டவேண்டும். கையெழுத்தில் அவ்வாறு சிறிதாக எழுதும் பழக்கம் நம் மூத்தோரிடம் இருந்தது. அதேபோல் தமிழ் எண்வடிவம் ஒன்று ககரத்தோடும், இரண்டு உகரத்தோடும், எட்டு அகரத்தோடும் மயங்குவதையும் கருதவேண்டும்.

இத்தனையும் செய்ய ஆள் உண்டா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே உண்டு. முத்து நெடுமாறன் 1985 முதல் 'முரசு அஞ்சல்' வழியாகவும், பின்னர் 'செல்லினம்' வழியாகவும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை அமர்த்தியவர். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துரு அவருடையது. நிரலாக்கத் துறையில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் கட்டளைகளே தமிழில் அமைந்தவை. வெளியிடுவதற்குப் 'பதிப்பி', விடையைத் திருப்பி அனுப்புவதற்குப் 'பின்கொடு'. அவர் தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் தொகுப்பில், ஒரு சொல்லைக் குறியெண்ணாகப் பிரிக்காமல் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு உள்ளது. 'புந்தோங்' என்று கொடுத்தால் நான்கு எழுத்துகளைத் தரும். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 தொடங்கி, நிரலில் மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் சூட்டவும் தடையில்லை. எண்ணும் கருவி ஆயத்தமாக உள்ளது. அதனோடு இசைந்த கட்டக்கணக்கும் அக்கணக்கில் வரைந்த எழுத்துருவுமே எஞ்சியுள்ள வேலை.

அதுவரை ஆசிரியர்கள் வகுப்பில் செய்யக்கூடியவை சில உள்ளன. தமிழ்ப் பெயர் வரும் அட்டவணையில் பெயரைக் கடைசித் தூணாக வைக்கச் சொல்லுங்கள். முன்னே எண்கள் நேராக நிற்கும், பெயரின் வலப்புறம் சாய்வதற்கு எதுவும் இராது. அல்லது தூண்களை வெற்றிடத்தால் அமைக்காமல், இணையப் பக்கத்தின் அட்டவணையாக வெளியிடச் சொல்லுங்கள். அங்கே அகலத்தை உலாவியே அளந்துகொள்ளும். இரண்டு பெயர்களை ஒப்பிடும் நிரலில், ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒருங்குறியின் இயல்புவடிவத்திற்கு மாற்றச் சொல்லுங்கள். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதிவு செய்ய இயலும். மாற்றிய பின் இரண்டும் ஒன்றாகும். 'கௌரி', 'கெளரி' மயக்கத்தை அம்மாற்றம் தீர்க்காது. அதனை மாணவரின் எழுத்துப்பிழையாகவே கொண்டு திருத்தவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் பெயரைத் தாளில் எழுதி ஐந்து வகையில் எண்ணுங்கள்: எழுத்து எத்தனை, ஒற்று நீக்கினால் எத்தனை, குறியெண் எத்தனை, பைட்டு எத்தனை, நான் மேலே கூறிய முறையில் கட்டம் எத்தனை. குறியெண்ணையும் பைட்டையும் பின்னர்ப் பைத்தானிடம் கேட்டுச் சரிபாருங்கள். அடுத்து உங்கள் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, சிறிய அளவில் இவ்வெழுத்துகளை ஒரு வரியில் தட்டச்சிடுங்கள்: ன ண, ர கா, கி கீ, ஔ ஒள, கௌ கெள, நூ ஞூ. ஓர் அடி தள்ளி அமர்ந்து படித்து, எந்த இணை முதலில் மயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு வரைய முன்வருபவர் ஒருவர் நம்மிடம் முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.